கடைசி ரீல் இல்லாத படம்

1

நான் இருக்கும் ஊரில் தபால் வந்தால் முதலில் பயப்பட வேண்டும், அப்புறம்தான் பிரிக்க வேண்டும். ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருஷத்தில் கற்றுக்கொண்ட பழக்கங்களில் இது ஒன்று. சாம்பல் உறையென்றால் வெளிநாட்டவர் அலுவலகம். ஜன்னல் வைத்த வெள்ளை உறையென்றால் வரி. போன மாதம் வந்தது இரண்டிலும் சேராத பழுப்பு உறை. உட்கார்ந்துகொண்டு பிரித்தேன்.

பழைய திரைப்படங்களைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பேசாப் படத்தின் கடைசி ரீலில் என்ன நடக்கிறது என்று ஏழு மாதத்துக்கு முன்னால் விசாரித்திருந்தேன். அதற்குப் பதில். விண்ணப்பத்தில் 'எதற்காகக் கேட்கிறீர்கள்' என்று ஒரு பகுதி. ஆராய்ச்சி, கண்காட்சி, வாரிசுரிமை, மற்றவை. நான் மற்றவையில் குறியிட்டு 'தம்பி கேட்கிறான்' என்று எழுதியிருந்தேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் முறை, தம்பி எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டு. இரண்டாம் முறை, என் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று. மூன்றாம் முறை கையெழுத்தைச் சுருக்கிப் போட்டு, நிறுவனம் என்ற இடத்தில் 'மோட்டார் காயில் கட்டும் கடை, செஞ்சி' என்று எழுதினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

2

தம்பி ஏழுமலைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் கிடையாது. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் கடை வைத்திருக்கிறான். பம்புசெட் மோட்டார் புகைந்து போனால் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுக் காயில் கட்டிக் கொடுப்பான். கட்டி முடித்ததும் மோட்டாரை ஓடவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைப்பான். சரியா தப்பா என்று கைக்குத் தெரிந்துவிடும். காது நன்றாகக் கேட்கிற மெக்கானிக்குகளே தங்கள் மோட்டாரைக் கொண்டுவந்து, "கொஞ்சம் கை வெச்சுப் பாரு ஏழுமல" என்று நிற்பார்கள்.

சின்ன வயதில் விழுப்புரத்தில் காது கேளாதவர்கள் பள்ளியில் சேர்த்தார்கள். விடுதிச் சோறு பிடிக்காமல் இரண்டாம் வருஷமே திரும்பிவிட்டான். அதனால் பள்ளிக்கூடத்துச் சைகை அவனுக்கு வராது. அவனும் அம்மாவும் நானுமாக வீட்டிலேயே உண்டாக்கியதுதான் அவன் பாஷை. அம்மா என்றால் மூக்குத்தியைத் தொட வேண்டும். நான் என்றால் மோவாயில் ஒரு கோடு. சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு அங்கே இருக்கிறது. ஜெர்மனி என்றால் கையை விமானம் மாதிரி மேலே ஏற்றிவிட்டு, உடம்பைக் கட்டிக்கொண்டு நடுங்க வேண்டும். நைனாவுக்கு மட்டும் கடைசிவரை மூன்றே சைகைதான் தெரியும். வா, சாப்பிடு, உதைப்பேன்.

ஆக, இந்தப் பாஷையை முழுசாகப் பேசியவர்கள் உலகத்தில் மூன்று பேர். போன வருஷம் அம்மா போனபின் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவனான எனக்கு மறந்துகொண்டே வருகிறது. போன தை மாதம் 'களை எடுப்பது' என்பதற்குக் கை எப்படிப் போகும் என்று அரைமணி நேரம் யோசித்தேன். வரவில்லை. என் மகள் கயல், பதின்மூன்று வயது, என்னிடம் பேசுவதே குறைவு. பேசினாலும் ஜெர்மனில் ஆரம்பித்து தமிழில் முடித்து "ஓகேவா அப்பா, நீங்க போ" என்பாள். அவளிடம் கேட்டு என்ன பிரயோசனம் என்று விட்டுவிட்டேன்.

தம்பி கையால் சொல்வதை இனி எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதப் போகிறேன். அவன் பேசினால் அப்படித்தான் பேசுவான் என்று நான் நம்புகிறேன்.

3

இங்கே நூலகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பேசாப் படம் போடுவார்கள். அனுமதி இலவசம். வந்த புதிதில் நான் அங்கே போனதற்குக் கலை ஆர்வம் காரணமில்லை, ஹீட்டர் காரணம். இன்னொன்றும் உண்டு. அந்த வருஷம் எங்கே போனாலும் யாராவது எதையாவது கேட்பார்கள். எனக்குப் புரியாது. "ஆமாம்" என்பேன். கொஞ்ச நாள் கழித்து அந்த ஆமாமின் விளைவு வீடு தேடி வரும். அப்படி ஒரு ஆமாமில் நாய் வளர்ப்பவர்களுக்கான பத்திரிகை ஒன்றுக்கு இரண்டு வருஷம் சந்தாதாரராக இருந்தேன். எங்களிடம் நாய் கிடையாது.

இருட்டு அரங்கில் யாரும் எதையும் கேட்கவில்லை. ஓரத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். திரையில் ஒரு ராட்சதன் வந்தான், ஒரு திருடன் மதிலேறினான், ஒரு பெண் மேகத்தின்மேல் நடந்தாள். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரருக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவும் எனக்குப் புரிந்தது. இந்த நாட்டில் அது முதல் தடவை. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

அதிலிருந்து விடாமல் போகிறேன். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் வருவார். தொப்பியைக் கழற்றாத ஒரு சிரியாக்காரர் வருவார். பின்னல் ஊசியோடு ஒரு அம்மாள் வருவார். நூறு வருஷப் படத்தை இன்னமும் ஏன் பார்க்கிறீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் பதில் இதுதான். அந்தப் படங்களில் ஆள் பறக்கும்போது கம்பி தெரியும். கடல்நாகத்தின் வயிற்றுக்குள் இருப்பவரின் முழங்கால் தெரியும். எல்லாம் தெரிந்தும், விழுந்துவிடுவானோ என்று அந்த அம்மாளின் பின்னல் ஊசி நின்றுவிடும். இப்போதைய படங்களில் கம்பியே தெரிவதில்லை. அதனால் யாரும் விழுந்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுவதும் இல்லை.

பிறகு, அந்தக் கதைகளில் எவனாவது ஒருவன் தூர தேசம் போகிறான். ஏழு கடல் தாண்டுகிறான், நெருப்புக் குகைக்குள் நுழைகிறான். எந்த இடத்திலும் அவனிடம் யாரும் ஒரு படிவத்தை நீட்டுவதில்லை. பார்க்க நிம்மதியாக இருக்கும்.

4

நூலக அட்டை இருந்தால் அந்தப் படங்களை வீட்டிலிருந்தும் பார்க்கலாம். நாலைந்து வருஷமாக ஞாயிறு மதியம் எங்கள் டிவியில் ஒரு படத்தைப் போட்டு, போனை அதற்கு எதிரே நிறுத்துவேன். செஞ்சியில் தம்பி தன் போனைக் காயில் சுற்றும் மிஷின்மேல் சாய்த்து வைத்துப் பார்ப்பான். நடுநடுவே திரையில் எழுத்து வந்தால் நான் குறுக்கே வந்து கையால் சொல்வேன். கயல் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

தம்பிக்கு இப்போதைய சினிமா பிடிக்காது. "வாய அசைச்சினு நிக்கறானுங்க, மாடு அசை போடற மாதிரி" என்பான். பேசாப் படத்து நடிகர்கள் புருவத்தைத் தூக்கி, நெஞ்சைப் பிடித்து, கையை விரித்து அழுவதைப் பார்த்து எங்கள் அரங்கில் சிரிப்பார்கள். அவன் சிரித்ததே இல்லை. அவனுக்கு அது மிகை இல்லை, பேச்சு. முதல் படம் முடிந்ததும் ஒன்று கேட்டான். "அந்தக் காலத்துல அந்த ஊர்ல யாருக்குமே காது கேக்காதா?" இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் கேட்காது என்று சொன்னேன்.

அம்மா இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். அதன் கவலை வேறு. "வந்ததிலேர்ந்து ஓடினே இருக்குதே அந்தப் பொண்ணு, எப்பதான் சாப்புடும்?"

அம்மா இறந்து மூன்று மாதம் கழித்து நாங்கள் பார்த்ததுதான் அந்தப் படம். ராணி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். இரண்டு மகன்கள். சின்னவன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான். பெரியவன் மருந்து கொண்டுவரப் பறக்கும் கட்டில் ஒன்றில் ஏறி ஏழு கடல் தாண்டிப் போகிறான். தீவு, ராட்சதன், சண்டை எல்லாம் முடிந்து மருந்தும் கிடைத்துவிடுகிறது. கட்டில் மேலே எழும்புகிறது. அங்கே திரை கறுத்து ஒரு வரி வந்தது. 'மீதி ரீல் இதுவரை கிடைக்கவில்லை.'

அதைத் தம்பிக்குச் சொன்னேன். அவன் மோவாயில் கோடு போடாமல், 'பெரியவன்' என்று மட்டும் கையை உயர்த்திக் காட்டி, "அவன் டயத்துக்கு வந்தானா?" என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

இதிலே இன்னொரு சங்கதி. அந்தப் படத்தில் வரும் கோட்டை செஞ்சிக் கோட்டைதான் என்று அவன் முடிவே செய்துவிட்டான். உருண்டைப் பாறைகள், மலைமேல் ஏறிப் போகிற மதில், நெல் கொட்டும் களஞ்சியம். அதெல்லாம் ஸ்டூடியோவில் மரச்சட்டமும் சாந்தும் வைத்துக் கட்டியது என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு கோட்டை மலையான ராஜகிரிக்குப் போய் மூன்று இடத்தை வீடியோ எடுத்து அனுப்பினான். கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் முனுசாமி அண்ணனையும் சாட்சிக்குக் கூப்பிட்டான். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம கோட்டதான்பா. இந்தப் படி ஏறி எனக்கு முட்டி போச்சு, எனக்குத் தெரியாதா?" என்றார். ஜெர்மன் காப்பகத்தில் இதற்கு மேல்முறையீடு செய்ய வழியில்லை.

5

அம்மா விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

போன வருஷம் அம்மாவை விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் குடியிருப்பு அட்டை காலாவதி ஆகியிருந்தது. புது அட்டை இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். அது இல்லாமல் கிளம்பினால் திரும்பி வருவதில் சிக்கல், வேலையும் போகலாம். போக முடியாது என்று யாரும் சொல்லவில்லை. காத்திருக்கலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். ஊரில் கேட்டவர்களிடம் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். பாஸ்போர்ட் மேஜை டிராயரில் இருந்தது.

தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. தம்பிக்குப் பேச இரண்டு கையும் வேண்டும். ஆஸ்பத்திரியில் போனைச் சாய்த்து வைக்க இடமில்லை. போனைப் பிடித்தால் அவன் பேச முடியாது, பேசினால் போன் விழும். இரண்டு முறை விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. அதனால் போனை அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். கடைசியாக ஒரு சனிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டானது. அப்புறம் இரண்டு நாள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. டவர் இல்லை போலிருக்கிறது, மோசமாக இருந்தால் முனுசாமி அண்ணனாவது சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை முனுசாமி அண்ணன் சொன்னார். காரியம் முடிந்து ஐந்தாம் நாள் அட்டை தபாலில் வந்தது. சாம்பல் உறை.

"அம்மாவுக்குக் கொள்ளி சின்னவன்தான வெக்கணும். நீ வந்திருந்தாலும் பக்கத்துல நின்னுனுதான் இருந்திருப்ப" என்று போனில் ஆறுதல் சொன்னார் அண்ணன். நம் வழக்கம் அதுதான். அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நின்றுகொண்டிருப்பதற்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தக் கடைசி இரண்டு நாளைப் பற்றித் தம்பி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் படம் பார்த்தோம்.

6

தலைத் திவசத்துக்கு நானும் கயலும் செஞ்சிக்குப் போனோம். மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முனுசாமி அண்ணன், "இன்னாபா, பொண்ணு ஒசரமாயிடுச்சு. தமிழ் பேசுமா?" என்றார். கயல் "பேசுவேன்" என்றாள். அத்துடன் பேச்சு முடிந்தது.

திவசம் முடிந்த அடுத்த நாள் காலையில் கடையில் வைத்துத் தம்பியிடம் கடிதத்தைக் காட்டினேன். தணிக்கைக்குக் கொடுத்த பழைய கதைச்சுருக்கம் ஒன்று காப்பகத்தில் இருந்ததாம். அதிலிருந்து நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வரியாகக் கையால் சொன்னேன். 'பெரிய இளவரசன் சரியான நேரத்தில் வந்து சேர்கிறான். ராணி மருந்தைக் குடித்து எழுந்து உட்காருகிறாள். நகரமெங்கும் கொண்டாட்டம்.'

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. தம்பி கடிதத்தை வாங்கி, அதிலிருந்த முத்திரையைத் தடவிப் பார்த்தான்.

"அதான் அந்த ரீல எவனும் பத்திரமா வெக்கல" என்றான்.

பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "நாம எடுக்கலாம்" என்றான். நான்தான் பெரியவன், அவன் சின்னவன், கயல் கேமரா. என்னைக் கேட்கவில்லை. கயலிடம் நேராகத் திரும்பி ஏதோ கையால் சொன்னான். அவள் கையாலேயே பதில் சொன்னாள். வேகமாக, என்னைவிடச் சுத்தமாக. சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்ததாக நான் நினைத்த அத்தனை ஞாயிறும் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்ன சொன்னான்?"

"சாயங்கால வெளிச்சம் நல்லா இருக்கும் சொன்னார். நான் சரி சொன்னேன்" என்றாள் கயல்.

வீட்டிலிருந்த நாடாக் கட்டிலை முனுசாமி அண்ணனின் டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப் போனோம். வாசலில் காவலர் எங்களைப் பார்க்கவில்லை, கட்டிலை மட்டும் பார்த்தார்.

"கட்டிலு எதுக்கு?"

"இது பறக்கற கட்டிலு சார்" என்றார் முனுசாமி அண்ணன்.

"பறந்தாலும் உள்ள வுட மாட்டோம்."

நியாயமான பதில். வண்டியைச் சிங்கவரம் பக்கம் திருப்பினோம். அங்கே வயலை ஒட்டிப் பாறைக் குன்று ஒன்று இருக்கிறது; எந்தக் காவலும் இல்லை. மல்லாட்டை, எங்கள் ஊர் வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

முதலில் பறக்கும் காட்சி. நான் கட்டிலில் உட்கார, முனுசாமி அண்ணனும் அவர் கூட்டிவந்த மூன்று பேரும் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் தலை தெரியாமல் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தெரிந்தது. தம்பி பரவாயில்லை என்றுவிட்டான். "எறங்குபா, முட்டி வலிக்குது" என்றார் அண்ணன். பேசாப் படம் என்பதால் அதனாலும் பாதகமில்லை.

அடுத்த காட்சிக்கு அதே கட்டிலைச் சமமான பாறையில் போட்டு ஒரு தலையணை வைத்தான். இப்போது அது ராணியின் கட்டில். எனக்கு அவன் சொன்னது இவ்வளவுதான். "மேலேர்ந்து எறங்கி வா. கட்டிலப் பாரு. அம்மா எங்கன்னு என்னக் கேளு."

இறங்கி வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. மூக்கைத் தொட்டு, கையை விரித்தேன்.

கயல் போனைப் பிடித்திருந்தாள். தம்பியின் இரண்டு கையும் காலியாக இருந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான்.

"அன்னிக்கி அம்மா போன்ல ஒன் மூஞ்சியத் தொட்டுது. கை பட்டு கட்டாயிடுச்சு. அவன் இங்க வரக் கௌம்பிட்டான், அதான் போன வெச்சுட்டான்னு சொல்லுச்சு. மொகமே மாறிடுச்சு. எழுப்பி ஒக்காத்தி வையின்னுச்சு. தல சீவி வுடச் சொல்லுச்சு. ரெண்டு நாளு வார்டு கதவையே பாத்துனு இருந்துச்சு. நீ கூப்ட்டினே இருந்த. பாக்கெட்டுல போன் அதிந்துனே இருந்துது. நான் எடுக்கல. எடுத்தா, நீ இன்னும் ஜெர்மனி ரூம்லயே ஒக்காந்துனு இருக்கறது அம்மாக்குத் தெரிஞ்சுடும்."

நான் நின்றேன். நடிக்க வேண்டும் என்பது நினைவில் இல்லை. டவர் இல்லை என்று நான் நினைத்துக்கொண்ட அந்த இரண்டு நாளும் அம்மா தலைசீவிக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் ஜெர்மனியில் வீட்டில் உட்கார்ந்து சூப் குடித்திருக்கிறேன். பாஸ்போர்ட் டிராயரில் இருந்தது என்று தம்பியிடம் சொன்னேன். டிராயருக்கு எங்களிடம் சைகை இல்லை. வேஷ்டி மடிப்பில் எதையோ ஒளித்து வைப்பது போல் காட்டினேன். அவன் தலையாட்டினான். "தெரியும். அம்மாக்குச் சொல்லல" என்றான்.

முனுசாமி அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை. "நடிப்பு நல்லா இருக்குதுபா" என்றார். கயலின் கன்னம் நனைந்திருந்தது. ஆனால் போனை அசைக்கவில்லை.

தம்பி அவளிடம் போய் எடுத்ததைப் போட்டுப் பார்த்தான். முழுவதையும் பார்த்தான். இரண்டு பேரும் கையால் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் வந்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, பாறை உச்சியைக் காட்டினான்.

"மறுபடி எடுக்கணும். நீ நடந்து வந்த."

வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்றாள் கயல்.

"இந்தத் தடவ ஓடியா" என்றான் தம்பி.

மேலே ஏறினேன். கயல் கையை உயர்த்திக் காட்டினாள். ஐம்பது வயதில் பாறையில் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடி வந்தேன்.